தறிக்குழி மியூசியம்

பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆரணிக்கு வந்து இறங்கிய அன்று, அவரோடு இரண்டு கோணி மூட்டைகளும் வந்து இறங்கின. குதிரை வண்டிக்காரருக்கு அவற்றை இறக்கி வைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அத்தனை வருஷம் சர்க்கார் ஜீப் ஓட்டியவர், ஊர் ஊராகச் சுற்றியவர், வெறுங்கையோடா வருவார்? பித்தளைப் பாத்திரம் என்றார் ஒருவர். முந்திரிக்கொட்டை என்றார் இன்னொருவர். மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே கல் இருந்தது. அடுத்த மூட்டையிலாவது ஏதாவது இருக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு அதிலும் கல்தான் கிடைத்தது.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஒன்பது வயதிருக்கும். பெரியப்பா என்றால் அப்பாவின் அண்ணன். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று ஆராயும் ஓர் அலுவலகத்தில் அவர் டிரைவர். அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் அதிகாரிகள் சுத்தியலோடு இறங்கிப் போனால், அவர்கள் திரும்பி வரும்வரை இவருக்கு வேலை கிடையாது. அவர்கள் தட்டிப் பார்த்து வேண்டாம் என்று எறிந்த கற்களை இவர் பொறுக்கி ஜீப்பின் சீட்டுக்கடியில் போட்டுக்கொள்வார். அப்படிச் சேர்ந்தவைதான் அந்த இரண்டு மூட்டையும். பெரும்பாலும் கடலில் வாழ்ந்து செத்துக் கல்லாகிப் போன உயிர்கள். அரியலூரில் ஏது கடல் என்று கேட்டால், "அப்ப இருந்துது" என்பார். அவருக்குத் தெரிந்தது பாதி, அதிகாரிகள் பேசிக்கொண்டதை ஸ்டியரிங் பிடித்தபடி கேட்டது பாதி.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியம்மாவும் பெரியப்பாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். இடையில் நான்தான். "ஒங்க பெரியப்பாவ சாப்ட வரச் சொல்லு" என்பாள் பெரியம்மா. அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, "பெரியப்பா, சாப்ட வரணுமாம்" என்பேன். "வரேன்னு சொல்லு" என்பார். நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவேன். இதில் எனக்கு விசித்திரம் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் தெருவில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் அம்மாகூட என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவாள். பெயரைச் சொல்லாமலிருப்பது மரியாதை என்றால், பேசாமலே இருப்பது அதைவிடப் பெரிய மரியாதை. பெரியம்மா அளவுக்குப் புருஷனை மதிக்கிற பெண் அந்தத் தெருவிலேயே கிடையாது என்று நான் உறுதியாக நம்பினேன். அப்படிப்பட்ட இடத்தில் தூது போகும் வேலை எனக்குக் கிடைத்ததில் பெருமை வேறு.

மியூசியம் பற்றிய பேச்சுவார்த்தையும் என் வழியாகத்தான் நடந்தது.

"அந்தக் கல்லையெல்லாம் எங்க கொட்டப் போறாருன்னு கேளு."

"முன் ரூம்ல மியூசியம் வெக்கப் போறேன்னு சொல்லு."

"அப்பிடின்னா இன்னான்னு கேளு."

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வந்து பாத்துக் கத்துக்கற எடம்னு சொல்லு."

பெரியம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் முன் அறைப் பக்கம் பார்த்தாள். முன் அறையில் ஒரு தறிக்குழி சும்மா கிடந்தது. தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பதற்காகத் தோண்டிய குழி. பெரியம்மா நெய்வது பின்கட்டுத் தறியில். முன் அறைத் தறியைக் கூலிக்கு நெய்தவர் காஞ்சிபுரத்துக்குக் குடிபோய்விட்டார். அந்தக் குழியைச் சேவூரிலிருந்த தன் தம்பிக்கு அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். எனக்கு மாமா முறையான அவரது வீடு மழைக்கு ஒழுகியது. பட்டுப் பாவு நூலை அங்கே வைத்து அவரால் நெய்ய முடியவில்லை.

"ஆடி பொறக்கப் போவுது" என்றாள். "ஆடியில புதுசா தறி போடக் கூடாது. அதனால ஆடி முச்சூடும் கல்ல வெச்சிக்கட்டும். ஆவணியில நல்ல நாள் பாத்து எந்தம்பி தறிய எடுத்துகினு வருவான். அதுக்குள்ள காலி பண்ணிடணும்னு கண்டிசனா சொல்லிடு."

கண்டிசனாகச் சொன்னேன். பெரியப்பா தலையாட்டினார். எந்த நல்ல காரியமும் தொடங்கக் கூடாது என்று ஊரே சும்மா இருக்கும் மாதத்தில் எங்கள் தெருவின் மியூசியம் இப்படித்தான் திறக்கப்பட்டது.

அதைப் போல ஒன்றை அதற்குப் பிறகு பெரிய பெரிய ஊர்களிலும் நான் பார்க்கவில்லை. பட்டுச்சேலை வைக்கும் அட்டைப் பெட்டிகளில் கழிவுப் பட்டு நூலை மெத்தையாகப் போட்டு, அதில் ஒவ்வொரு கல்லையும் படுக்க வைத்தார். பூவேலைக்குத் தறிமேல் ஜக்கார்டு கருவியில் கோக்கும் ஓட்டை போட்ட அட்டைகள் வீட்டில் பழசாகக் கிடந்தன. அவற்றில் ஓட்டைகளுக்கு இடம்விட்டு எழுதினார்: சிப்பி, சுறாவின் பல், கல்லான மரம். தறிக்குழிதான் எல்லாவற்றுக்கும் சிகரம். அதன் சுவரில் அடுக்கடுக்காக மண் பூசினார். மேலே செம்மண், அதன் கீழ் மணல், அப்புறம் சுண்ணாம்பு, அடியில் ஏரிக் களிமண். ஒவ்வோர் அடுக்கிலும் அந்தந்தக் காலத்துக் கல்லைப் பதித்தார். "எறங்கி நின்னு பாரு பாப்பா. கீழ போகப் போகப் பழைய காலம்" என்றார். நான் இறங்கினேன். என் கழுத்து இந்த வருஷத்திலும், கால்கள் பல கோடி வருஷத்துக்கு முன்னாலும் இருந்தன. எத்தனை கோடி என்று கேட்டதற்கு, "அது ஆச்சு, கொள்ள கோடி" என்றார். அந்தக் குழியை நான் என் சொந்த வீட்டைவிட அதிகமாக நேசித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு அதற்குள்தான் இறங்குவேன்.

ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் அட்டை இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற, அப்பம் போல உப்பிய கல். அதன் முதுகில் ஐந்து இதழ்ப் பூ ஒன்றை யாரோ ஊசியால் குத்தி வரைந்த மாதிரி இருக்கும். இதற்குப் பெயர் எழுதவில்லையா என்று கேட்டால் பெரியப்பா காது கேட்காதவர் போல வேறு பெட்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

முதலில் தெருப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு உயர்நிலைப் பள்ளி சயின்ஸ் சார் ஒரு வகுப்பையே வரிசையாக அழைத்து வந்தார். அவர் குழிக்குள் எட்டிப் பார்த்து, கல்லான மரத்தை அடியில் வைத்திருப்பது தப்பு, அது சிப்பிகளுக்கு ரொம்பப் பிந்தியது என்றார். "அப்பிடிங்களா சார்" என்று பெரியப்பா உடனே அதைப் பெயர்த்து மேல் அடுக்கில் வைத்தார். அத்தனை கோடி வருஷம் மேலே ஏறிய மரத்துக்கு ஒரு சேதாரமும் இல்லை. போகும்போது சார், இதை எடுத்துவிடாதீர்கள், வருஷா வருஷம் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன் என்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் பின்கட்டைப் பார்த்தேன்.

பெண்கள் வர ஆரம்பித்ததும்தான் சிக்கல் வந்தது. சுருள் சுருளாக, வரிவரியாக ஒரு கல் இருந்தது. எதிர் வீட்டு அம்மா அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சக்கரம் தெரியுதுங்களே. இது சாளக்கிராமம். பெருமாள இப்பிடி அட்டப் பொட்டியில வெக்கலாமா?"

"அய்ய, அது பெருமாள் இல்லம்மா. கடல்ல இருந்த பிராணி. கணவா மீனுக்குப் பங்காளி" என்றார் பெரியப்பா.

அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் கல்மேல் துளசி இருந்தது. அதற்கு மறுநாள் யாரோ பால் ஊற்றியதில் பட்டு மெத்தை நனைந்து நாறியது. எதிர் வீட்டுப் பூனை வேறு மியூசியத்துக்குத் தவறாமல் வரத் தொடங்கியது. பெரியப்பா, 'தொடாதீர்கள், கும்பிடாதீர்கள்' என்று ஓர் அட்டை எழுதி வைத்தார். யாரோ அந்த அட்டைக்கும் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். சயின்ஸ் சாரிடம் முறையிட்டபோது, "கும்பிட்டா அதோட வயசு ஒண்ணும் கொறஞ்சிடாது, வுடுங்க" என்றார். பெரியப்பாவும் விட்டுவிட்டார். துளசியை மட்டும் தினமும் எடுத்துப் பூனைக்கு எட்டாத இடத்தில் மரியாதையாக வைப்பார்.

ஊரே வந்து பார்த்ததைப் பெரியம்மா மட்டும் பார்க்கவில்லை. முன் அறை வாசற்படியைத் தாண்டி அவள் உள்ளே காலெடுத்து வைத்து நான் பார்த்ததே கிடையாது. பெரியப்பாவின் காபியைப் படியிலேயே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவாள். ஒருநாள் அப்படி வைத்துவிட்டு, உள்ளே பட்டு நூலில் படுத்திருந்த, கல்லாகிப்போன நத்தை ஒன்றை எட்ட நின்றே பார்த்தாள்.

"எந்தக் காலத்துலயோ செத்த நத்தைக்கு மெத்த போட்டு வெச்சிகினு கீறாரு. அதுக்காவது குடுத்து வெச்சிதேன்னு சொல்லு" என்றாள்.

நான் வார்த்தை பிசகாமல் போய்ச் சொன்னேன். பெரியப்பா பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது. பதில் என்ன என்று காத்து நின்றேன். காபி படியிலேயே ஆறிப்போனது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது. வெள்ளிக்கிழமை தறியோடு வருவதாக மாமா சொல்லி அனுப்பிவிட்டார். "நீங்க கேட்டுப் பாருங்க பெரியப்பா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு நான் போய்ச் சொல்றேன்" என்று கெஞ்சினேன்.

"கேக்கற எடத்துல நான் இல்ல பாப்பா" என்றார்.

பேச்சை மாற்றுவதற்காக அவர் ஒரு பலகைக் கல்லை எடுத்துக் காட்டினார். அதில் உயிர் எதுவும் இல்லை, ஒரு கோடு மட்டும் வளைந்து வளைந்து போனது. புழுவோ எதுவோ ஊர்ந்த தடம். "எலும்பு கெடைக்கல, ஓடு கெடைக்கல. ஆனா ஒரு நாளு இந்தப் பக்கமா போச்சின்னு தெரியுதுல்ல. அதுவே பெரிசு" என்றார். பிறகு குழிக்குள் இறங்கி, காற்றில் வெடித்துப்போயிருந்த களிமண் அடுக்கை ஈரமாக மறுபடி பூசினார். வெள்ளிக்கிழமை இடிக்கப் போவதை எதற்குப் பூசுகிறார் என்று எனக்கு அழுகை வந்தது.

அந்த வியாழக்கிழமை கோகுலாஷ்டமி. எங்கள் வீட்டில் அம்மா அரிசிமாவைக் கரைத்து வைத்திருந்தாள். கையை மூடி, அதன் பக்கவாட்டை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் குழந்தையின் பாதம். மேலே விரல் நுனியால் புள்ளி வைத்தால் விரல்கள். கண்ணன் தெருவிலிருந்து சாமி அறைக்கு நடந்து வருகிறான் என்று அர்த்தம். எல்லா வீட்டிலும் போடுவார்கள். பெரியம்மா வீட்டில் மட்டும் போட மாட்டார்கள். பிள்ளை இல்லாத வீடு, ஒற்றுவதற்குச் சின்னக் கை இல்லை, அதனால்தான் என்று நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அன்றைக்குப் புழுத் தடம் மனதிலேயே இருந்தது. மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு ஓடினேன். வாசற்படியிலிருந்து தொடங்கினேன். சாமி அறைக்குப் போக வேண்டிய கண்ணனை முன் அறைப் பக்கம் திருப்பினேன். பெட்டிகளுக்கு நடுவே நடத்தி, குழியின் விளிம்புவரை கூட்டிப் போனேன். குழிக்குள் இறங்கி, ஈரக் களிமண்ணில் கையை அழுத்தி ஒரு பாதம் பதித்தேன். இதுவும் கல்லாகிவிட்டால் யாராலும் காலி பண்ண முடியாது என்பது என் கணக்கு.

என்னைத் தேடி வந்த அம்மா அதைப் பார்த்ததும் வெளிறிப்போனாள்.

"அடிப் பாவி, இங்க எதுக்குடி போட்ட? அக்கா வர்றதுக்குள்ள ஜல்தியா தொடைச்சிடணும்" என்று ஈரத்துணியோடு குனிந்தாள்.

"இருக்கட்டும் வுடு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். பாதங்களை மிதிக்காமல் அவற்றின் ஓரமாகவே நடந்து, அந்த அறைக்குள் வந்தாள். பெரியப்பா சுவரோரம் எழுந்து நின்றார். அவள் குழியின் விளிம்பில், தறியில் உட்காருவது போலவே காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். களிமண்ணில் இருந்த பாதத்தைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்க பாக்கல" என்றாள்.

இது யாருக்கான செய்தி என்று எனக்குப் புரியவில்லை. வழக்கப்படி நான் திரும்பி, "பெரியப்பா, நீங்க பாக்கலயாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "ஆமா, பாக்கல" என்று நேராக அவளிடமே சொல்லிவிட்டார்.

"வாசப்படியப் புடிச்சிகினு நின்னான். நான் இதே குழியில காலத் தொங்கப்போட்டு நெய்ஞ்சிகினு இருந்தேன். கைய வுட்டுட்டான். தத்தக்கா பித்தக்கான்னு எட்டு வெச்சி, இந்த வழியாத்தான், இது வரைக்கும் வந்து எம்மடியில வுழுந்தான். ஒரே சிரிப்பு."

பெரியப்பா பெட்டிகள் பக்கம் போனார். அட்டை இல்லாத அந்தப் பூப்போட்ட கல்லை எடுத்து வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"அவனுக்குன்னுதான் எடுத்தாந்தேன்."

"தெரியும். அப்பவே சட்டப் பாக்கெட்டுல பாத்தேன்" என்றாள் பெரியம்மா. கல்லை எடுத்து முந்தானையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். அம்மா ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியம்மா கண்ணனைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நெய்துகொண்டிருந்தபோது கண்ணன் நிஜமாகவே ஒருநாள் இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறான், மடியில் விழுந்திருக்கிறான், அந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஊரில் இல்லாமல் போய்விட்டார். அவனுக்குக் கொடுக்கக் கல் எடுத்து வந்தும் கொடுக்க முடியவில்லை. பாவம் பெரியப்பா என்று நினைத்தேன். அதில் பாதி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

மீதிப் பாதியை, நான் என் முதல் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு தாய்வீட்டில் இருந்தபோது அம்மா சொன்னாள். அவர்களுக்கு ஒரு மகன் இருந்திருக்கிறான். நடக்கத் தொடங்கிய சில நாட்களில் காய்ச்சல் கண்டது. பெரியப்பா அரியலூர்ப் பக்கம் ஏதோ ஓடைக்கரைக் கூடாரத்தில் இருந்தார். தந்தி அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இங்கே ஏரிக்கரையோரம் அடக்கமே முடிந்துவிட்டது. அவன் அப்பா வந்ததும் எடுக்கலாம் என்று இருந்ததால் ஒரு போட்டோகூட இல்லை. அவர் வந்தபோது சட்டைப் பையில் அந்தக் கல் இருந்தது. காரியம் முடிந்ததும் அவர் வேலைக்குத் திரும்பிப் போனார். பெரியம்மா அதன் பிறகு அவரோடும் பேசவில்லை, அந்தத் தறியிலும் உட்காரவில்லை.

வெள்ளிக்கிழமை மாமா தறியோடு வந்தார். "பின்னால தாழ்வாரத்துல எடம் கீது, அங்க குழி வெட்டிக்கோ" என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். மாமா தலையைச் சொறிந்துகொண்டு மண்வெட்டி தேடப் போனார். என் மியூசியம் பிழைத்தது. சயின்ஸ் சார் சொன்னபடி வருஷா வருஷம் பிள்ளைகளை அழைத்து வந்தார். பெரியம்மாவே அவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் குழிக்குள் இறக்கிவிடுவாள். களிமண் பாதம் காய்ந்து விரிசல் விட்டாலும் அந்த இடத்தில் மட்டும் பெரியப்பா மறுபடி பூசவில்லை.

நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மாமா வந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, வழக்கம்போல அவர்கள் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். பெரியம்மா என்னைக் கூப்பிடவில்லை. "இன்னாங்க, காபி ஆறுது பாருங்க" என்று அவளே சொன்னாள். "தோ, வரேன்" என்று அவரே சொன்னார். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். இரண்டு நாள், மூன்று நாள் நின்று பார்த்தேன். யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஓடி, அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்து, பெரியம்மா இப்படிப் பெரியப்பாவிடம் நேருக்கு நேராகப் பேசினால் அப்புறம் மரியாதை என்ன ஆவது என்று கேட்டேன். அம்மா என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.